கம்பெனி டாக்டர் என் டாக்டரிடம் விவரம் கேட்க வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா?

#1 இரவுஷிப்ட்

வணக்கம். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்த இழை.

கிடங்கில் ஒன்பது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இடுப்பில் டிஸ்க் விலகி 11 வாரம் லீவில் இருந்தேன். இப்போது திரும்பப் போகிறேன். போன வாரம் கம்பெனி டாக்டர் கூப்பிட்டுப் பரிசோதித்தார். நல்லபடியாகத்தான் பேசினார். கிளம்பும்போது ஒரு தாளை நீட்டி, "உங்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் சில விவரம் கேட்கணும், இதில் ஒரு கையெழுத்து" என்றார். வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

தாளில் இருப்பது ஒரே வாக்கியம்: "என் உடல்நலம் தொடர்பான எந்தத் தகவலையும் எந்த மருத்துவரிடமிருந்தும் நிறுவனம் பெற்றுக்கொள்ள முழுச் சம்மதம் தெரிவிக்கிறேன்."

இடுப்பைப் பற்றித் தெரிந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் லீவில் ஐந்தாவது வாரம் மனசு உடைந்துவிட்டது. தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகள் பேசினால் கூட எரிந்து விழுந்தேன். அதே டாக்டர்தான் அதற்கும் மாத்திரை கொடுத்தார். இன்னும் ராத்திரி ஒன்று போடுகிறேன். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

போடாவிட்டால் வேலைக்கு ஆபத்தா? போட்டால் இதுவும் சேர்ந்து போய்விடுமா?

#2 லேத்துக்காரன்

போடாதீங்க அண்ணா. நான் போட்டவன், அதனால் சொல்றேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தி, வேறு கம்பெனி. தோள்பட்டை வலிக்காக இதே மாதிரி ஒரு தாள். படிக்கக்கூட இல்லை, போட்டுக் கொடுத்துட்டேன். என் டாக்டர் ஆபீஸில் இருந்து மொத்தக் கோப்பையும் நகலெடுத்து அனுப்பிட்டாங்க. இருபது வயசில் குடியை விட சிகிச்சை எடுத்தது அதில் இருந்தது. ரெண்டு மாசம் கழிச்சு சூப்பர்வைசர் என்கிட்ட, "இப்போ கட்டுப்பாட்டில் இருக்கியா?" என்று கேட்டார். தோளைப் பத்திக் கேட்கிறார்னு நினைச்சு "பரவாயில்லை சார்"னு சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிஞ்சுது. பதினாலு வருஷமா ஒரு சொட்டு தொடாத மனுஷன் நான்.

#3 மனிதவளமேசை

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மேலே நடந்தது தவறு, அதற்கு நியாயம் சொல்ல வரவில்லை.

ஆனால் "போடாதே" என்று ஒரே வார்த்தையில் சொல்வதும் சரியல்ல. சம்மதம் தர மறுப்பது குற்றமில்லை. அதற்காகத் தண்டிக்கக் கூடாது. அதே சமயம் மறுத்துவிட்டால் கம்பெனி தன் கையில் இருக்கும் தகவலை வைத்து முடிவெடுக்கும். தகவல் குறைவாக இருந்தால் டாக்டர் பயந்து, "இன்னும் ஆறு வாரம் வண்டி ஓட்ட வேண்டாம்" என்று எழுதிவிடுவார். ஓவர்டைம் போகும், ஷிப்ட் படி போகும். நான் பார்த்த பெரும்பாலான மறுப்புகள் தொழிலாளிக்குத்தான் நஷ்டமாக முடிந்தன. அவர்கள் மறைக்க நினைத்த விஷயம் பெரும்பாலும் எங்களுக்குத் தேவையே இல்லாத ஒன்று.

#4 ஆலைச்செவிலி

இரவுஷிப்ட் தம்பி, நீங்கள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்ததே பாதி வேலை முடிந்த மாதிரி. நான் தொழில்நலச் செவிலியாக 17 வருடம் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி போடலாமா வேண்டாமா என்பது இல்லை. எதற்குப் போடுகிறேன் என்பது. அந்தத் தாளில் எந்த டாக்டர் என்று இல்லை, எந்த நோய் என்று இல்லை, எத்தனை வருடத்துப் பதிவு என்று இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், "நிறுவனம்" என்று இருக்கிறது. உங்கள் தகவல், கம்பெனி டாக்டரும் செவிலியும் இருக்கும் தொழில்நலப் பிரிவுக்கு வருவது வேறு, நிறுவனத்துக்குப் போவது வேறு.

இங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன. முதல் கதவு, உங்கள் டாக்டரிடமிருந்து எங்கள் அறைக்கு. இரண்டாவது, எங்கள் அறையிலிருந்து நிர்வாகத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனியாக உங்கள் சம்மதம் வேண்டும். முதல் கதவைத் திறந்ததால் இரண்டாவது தானாகத் திறக்காது. லேத்துக்காரன் விஷயத்தில் இரண்டுமே திறந்து கிடந்திருக்கின்றன.

இது என் சொந்த நல்லெண்ணம் மட்டுமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1985இல் தொழில்சார் நலச் சேவைகள் பற்றி 161ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதோடு 171ஆம் பரிந்துரையும் வந்தது. அந்தப் பரிந்துரையின்படி வேலைக்குத் தகுதியா என்ற முடிவு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் எழுத்தில் போகலாம், ஆனால் அதில் மருத்துவத் தகவல் எதுவும் இருக்கக் கூடாது. இந்த வேலைக்கு ஏற்றவர், இன்னின்ன வேலை கூடாது, அவ்வளவுதான். உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: லீவு எடுத்த காரணம் உண்மையா என்று சோதிக்கும் வேலையை எங்கள் தலையில் முதலாளி கட்டக் கூடாது. எல்லா நாடும் இதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் படித்தவர்கள் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு தடவை தவறு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு வலி. பழைய படிவத்தையே அனுப்பினேன். நாற்பது பக்கம் வந்தது. அதில் குழந்தைக்காக அவர் எடுத்த சிகிச்சையும், இரண்டு முறை கரு கலைந்ததும் இருந்தன. பூட்டித்தான் வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் படித்துவிட்டேன். தினமும் காலையில் என் அறைக்கு முன்னால் சிரித்துக்கொண்டே போவார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியாது. அவர் எனக்குத் தர நினைத்தது மணிக்கட்டை மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் எந்த டாக்டருக்கும் கேள்வி எழுதாமல் கடிதம் அனுப்பியதில்லை. அந்தக் கேள்விகளை முதலில் தொழிலாளியிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்பேன்.

#5 இரவுஷிப்ட்

அக்கா, படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நன்றி.

ஒன்று கேட்கணும். இடுப்பைப் பற்றி மட்டும் கேட்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் முடிந்ததா? ராத்திரி போடும் மாத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாமா? சில நாள் காலையில் தலை பாரமாக இருக்கிறது. நான் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட்.

#6 பாதுகாப்புமுதல்

இதைத்தான் நான் கேட்க வந்தேன். கிடங்குப் பாதுகாப்பு என் பொறுப்பு. மூன்று டன் தூக்கும் வண்டி பின்னால் வரும்போது நடந்து போகிறவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

2015 மார்ச் 24ஐ மறக்க முடியுமா? பார்சிலோனாவிலிருந்து டுசெல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் செத்தார்கள். பிரெஞ்சு விசாரணை அமைப்பின் அறிக்கை 2016இல் வந்தது. விபத்துக்குச் சில வாரம் முன்பே ஒரு டாக்டர் அவரை மனநல மருத்துவமனையில் சேரச் சொல்லியிருக்கிறார். அது விமானக் கம்பெனிக்கும் போகவில்லை, அதிகாரிகளுக்கும் போகவில்லை. இரகசியம் காக்கப்பட்டது. 150 உயிர்?

#7 ஆலைச்செவிலி

உங்கள் பயம் நியாயமானது. நானும் அந்த அறிக்கையைப் பற்றி எங்கள் பயிற்சியில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. உரிமம் போய்விடும், வருமானம் போய்விடும் என்ற பயம்தான் விமானிகளை நோயை மறைக்கத் தூண்டுகிறது. எப்போது இரகசியத்தை மீறலாம் என்று டாக்டர்களுக்குத் தெளிவான விதியும் இருக்கவில்லை. தெளிவான விதி வேண்டும் என்றும், நோயைச் சொன்னால் பிழைப்பு போகாது என்ற ஏற்பாடு வேண்டும் என்றும் அவர்கள் பரிந்துரைத்தார்கள். எல்லாருடைய கோப்பையும் எப்போதும் திறந்து வைக்கச் சொல்லவில்லை.

பிறர் உயிருக்கு உண்மையான, பெரிய ஆபத்து இருந்தால் சம்மதம் இல்லாமலும் டாக்டர் பேசலாம் என்பதைப் பல நாட்டுச் சட்டங்களும் மருத்துவ நெறிகளும் ஏற்கின்றன. வலிப்பு வருகிறவர் கிரேன் ஓட்டுவேன் என்று அடம் பிடித்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். முதலில் அவரிடமே சொல்வேன், பிறகு தேவையான அளவு மட்டும் சொல்வேன்.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையைச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். ஆனால் கம்பெனி டாக்டருக்குத் தேவை நோயின் பெயர் இல்லை. மாத்திரையால் மயக்கம் வருகிறதா, எத்தனை மணி நேரம் நிற்கிறது, அளவு மாறப்போகிறதா, இவ்வளவுதான். நிர்வாகத்துக்கு அதுவும் வேண்டாம். "இன்ன தேதி வரை வண்டி ஓட்ட வேண்டாம், மற்ற வேலை பார்க்கலாம்" என்பது போதும்.

#8 குடும்பவைத்தியர்

இந்தக் கடிதங்கள் வந்து சேரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நோயின் பெயரை மறைத்துவிட்டு மருந்தின் பெயரை எழுதினால் மறைத்ததாக ஆகாது. கைபேசியில் தேடினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சில சமயம் தவறாகவும் தெரியும். அமிட்ரிப்டிலினை நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் தருகிறோம், மனச்சோர்வுக்கும் தருகிறோம். ப்ரீகாபலின் நரம்பு வலிக்கும் உண்டு, பதற்றத்துக்கும் உண்டு. இடுப்பு வலிக்காக நான் கொடுத்த மாத்திரையை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நிர்வாகத்துக்குப் போகும் தாளில் மருந்துப் பெயரே வேண்டாம்.

எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே வரிதான்: "இவருடைய உடல்நிலை பற்றி முழு அறிக்கை தரவும்." வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது அதற்கு எப்படிப் பதில் எழுதுவது? பதிவுகளை அச்செடுத்து உறையில் போட்டு அனுப்பு என்று ஊழியரிடம் சொல்லிவிடத் தோன்றும். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். லேத்துக்காரன் எழுதியதைப் படித்தபோது, அந்த உறையை அனுப்பியவன் நானாகவும் இருந்திருக்கலாம் என்று தோன்றி மனசு சங்கடப்பட்டது. நோயாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதற்காக எல்லாவற்றையும் அனுப்பும் கட்டாயம் எனக்குக் கிடையாது. கேள்விக்குப் பொருத்தமானதை மட்டும் அனுப்ப வேண்டியது என் கடமை. சந்தேகம் வந்தால் நோயாளியைக் கூப்பிட்டு, "இதற்குத்தான் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்கலாம். இப்போது கேட்கிறேன்.

நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்றால், முதலில் வேலையைச் சொல்லும். ஃபோர்க்லிஃப்ட், எட்டு மணி நேரம், இரவு, திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும், அவ்வப்போது கையால் இருபது கிலோ தூக்க வேண்டும் என்று. பிறகு கேள்வி: இடுப்பை வளைப்பதில் இப்போது என்ன தடை, எவ்வளவு காலம் நீடிக்கும், அறுவை சிகிச்சை திட்டத்தில் உண்டா, மயக்கம் தரும் மருந்து ஏதும் உண்டா. இதற்குப் பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிடுவேன். எனக்கு நோய் தெரியும், வேலை தெரியாது. கம்பெனி டாக்டருக்கு வேலை தெரியும், நோயின் போக்கு தெரியாது. இதற்காகத்தான் நாங்கள் பேசிக்கொள்ள வேண்டும். அதனால் இரவுஷிப்ட், மொத்தமாக மறுத்துவிடாதீர்கள். நாங்கள் இருவரும் சரியாகப் பேசினால் உங்களுக்குத்தான் நல்லது.

இன்னொன்று, "இவர் வேலைக்குத் தகுதியா?" என்று என்னிடம் கேட்காதீர்கள் என்று கம்பெனி டாக்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கும் இந்த மனிதர் என்னிடம்தான் வர வேண்டும். நான் அவருக்கு நீதிபதியாக முடியாது.

#9 பாதுகாப்புமுதல்

டாக்டர் சொன்ன மாதிரிக் கடிதம் வந்தால் எனக்கு ஆட்சேபனையே இல்லை. ஃபோர்க்லிஃப்ட் இருக்கை அதிர்வு இடுப்புக்குக் கெடுதல் என்பது எங்கள் துறையில் தெரிந்த விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு அதிர்வு விதியில் எட்டு மணி நேரச் சராசரி 0.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. இரவுஷிப்ட், உங்கள் வண்டி இருக்கையை யாராவது எப்போதாவது அளந்தார்களா? உங்கள் கோப்பைக் கேட்பதற்கு முன் கம்பெனி அதைச் செய்திருக்க வேண்டும்.

#10 இரவுஷிப்ட்

இல்லை சார். இருக்கையின் நுரையே போன வருடம் கிழிந்துபோனது. சாக்கு மடித்துப் போட்டு உட்கார்கிறோம்.

#11 சட்டப்புத்தகம்

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, ஆகவே உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரையும் கேளுங்கள். ஒரு மாதிரிக்கு பிரிட்டனைச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கென்றே அங்கே தனிச் சட்டம் இருக்கிறது: மருத்துவ அறிக்கைகளைப் பார்க்கும் உரிமைச் சட்டம், 1988. வேலைக்காகவோ காப்பீட்டுக்காகவோ உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரிடம் அறிக்கை கேட்டால், உங்களிடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அறிக்கை போவதற்கு முன் நான் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால், பார்க்க ஏற்பாடு செய்துகொள்ள 21 நாள் அவகாசம். தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். டாக்டர் மறுத்தால் உங்கள் கருத்தை அறிக்கையோடு இணைத்து அனுப்ப வேண்டும். பார்த்த பிறகு, அனுப்பவே வேண்டாம் என்றும் சொல்லலாம். அனுப்பியதன் நகலை டாக்டர் ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (GDPR) 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு குழப்பம் கிளம்பியது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பலம் சமமில்லை, அதனால் தொழிலாளி தரும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாக எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அந்தச் சட்டத்தின் பார்வை. ஆகவே தொழில்சார் மருத்துவத்துக்காக உடல்நலத் தகவலைக் கையாள 9ஆம் பிரிவில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். உடனே சில கம்பெனிகள், "அப்படியானால் சம்மதமே வேண்டாம்" என்றன. அது தவறு. தரவைக் கையாளும் சட்டக் காரணம் ஒன்று. இரகசியம் காப்பேன் என்று டாக்டர் நோயாளிக்குக் கொடுத்த வாக்கைத் திறப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அனுமதி தரும் உரிமை நோயாளியிடம்தான் இருக்கிறது.

#12 லேத்துக்காரன்

சட்டப்புத்தகம் சார் சொன்ன "பலம் சமமில்லை" என்கிற வார்த்தைதான் என் மனசில் இத்தனை வருஷமா இருந்தது, சொல்லத் தெரியலை. எதிரில் மேனேஜர் உட்கார்ந்திருக்க, பேனாவை அவரே மூடி திறந்து கொடுக்கிறப்போ, நான் எங்கே சம்மதிச்சேன்? கை ஆடிச்சு, எழுத்து விழுந்துச்சு.

#13 மனிதவளமேசை

லேத்துக்காரன், நானும் அப்படிப் பேனா கொடுத்திருக்கிறேன். வேகமாக முடிய வேண்டும் என்றுதான். இன்று எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இரவுஷிப்ட் தம்பியின் தாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தொழில்நலப் பிரிவோடு உட்கார்ந்து மாற்றி எழுதப் போகிறேன். கையெழுத்து வாங்கும் இடத்தில் இனி மனிதவளப் பிரிவு இருக்காது. குறைந்தது இரண்டு நாள் யோசிக்க நேரம், மறுத்தால் என்ன நடக்கும் என்பது வெளிப்படையாக, பிறகு மனசு மாறினால் திரும்பப் பெறும் வழி. ஆலைச்செவிலி அக்கா, வேறு ஏதாவது விட்டுவிட்டேனா?

#14 ஆலைச்செவிலி

காலாவதி தேதி. ஒரு சம்மதம் ஒரு கடிதத்துக்குத்தான். போன வருடத்துக் கையெழுத்தை வைத்து இந்த வருடம் கேட்கக் கூடாது. திரும்பப் பெறலாம் என்று எழுதும்போது, ஏற்கனவே போன தகவலைத் திரும்ப வாங்க முடியாது என்பதையும் உண்மையாக எழுதிவிடுங்கள். அப்புறம் "சம்மதம் தருகிறேன்" பக்கத்தில் "தரவில்லை" என்ற கட்டமும் அதே அளவில் இருக்கட்டும்.

#15 இரவுஷிப்ட்

இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"எனக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் ஒருவரிடம் மட்டும், என் இடுப்புப் பிரச்சினை பற்றியும், நான் இப்போது எடுக்கும் மருந்துகளால் மயக்கம் உண்டா என்பது பற்றியும், இணைத்துள்ள ஐந்து கேள்விகளுக்கு மட்டும் பதில் பெறத் தொழில்நல மருத்துவருக்குச் சம்மதிக்கிறேன். பதில் அனுப்பப்படும் முன் நான் பார்க்க வேண்டும். நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இருக்கக் கூடாது. அதையும் நான் முதலில் பார்க்க வேண்டும். இந்தச் சம்மதம் மூன்று மாதம் செல்லும்."

ரொம்பக் கறாராக இருக்கிறதா? டாக்டர் கோபிப்பாரா?

#16 ஆலைச்செவிலி

கோபிக்கிற டாக்டராக இருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். கொண்டு போங்கள் தம்பி. தைரியமாக.

#17 இரவுஷிப்ட்

நாலு வாரம் ஆகிவிட்டது. சொல்லாமல் விட்டால் தப்பு என்று வந்தேன். கம்பெனி டாக்டர் என் தாளை இரண்டு முறை படித்தார். "பழைய படிவம் நான் வருவதற்கு முன்பே இருந்தது, யாரும் கேட்டதில்லை" என்றார். ஒன்று மட்டும் மாற்றினார்: ஐந்து கேள்வியில் ஒன்று தனக்குத் தேவையில்லை என்று அடித்துவிட்டார்.

என் டாக்டரின் பதிலை முதலில் நான் பார்த்தேன். அதில் நான் இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட்ட வலி மாத்திரை இன்னும் எடுப்பதாக இருந்தது, மயக்கம் தரும் ரகம். பார்க்காமல் போயிருந்தால் அதை வைத்தே வண்டியை நிறுத்தியிருப்பார்கள். என் டாக்டரே திருத்தி அனுப்பினார். ராத்திரி மாத்திரையைப் பற்றி, அளவு நிலைப்படும் வரை மூன்று வாரம் வண்டி வேண்டாம் என்று எழுதினார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. காலையில் அந்தத் தலைபாரம் எனக்குத்தானே தெரியும்.

மேனேஜருக்குப் போன தாளில் நாலு வரி. மூன்று வாரம் வண்டி இல்லை, தூக்கும் வேலை இல்லை, பகல் ஷிப்ட், பிறகு மறுபரிசோதனை. கூடவே, இருக்கையை மாற்றி அதிர்வை அளக்க வேண்டும். மேனேஜர் படித்துவிட்டு, "சரி, பில்லிங் மேசையில் உட்கார்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை மறுபரிசோதனை.

#18 புதுவரவு

இழை முழுக்கப் படித்தேன். எனக்கும் இதே நிலைமைதான். ஆனால் எங்கள் கம்பெனி டாக்டர், "கடிதமெல்லாம் வேண்டாம், உங்கள் டாக்டருக்கு நானே போன் போட்டுப் பேசிவிடுகிறேன், வாயால் சரி என்று சொன்னால் போதும்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

#19 குடும்பவைத்தியர்

போனில் யார் பேசுகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்துள்ள தாள் என் முன்னால் இல்லாவிட்டால் நீங்கள் என் நோயாளி என்பதைக்கூட நான் சொல்ல மாட்டேன். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அவசரம் என்றால், கேள்விகளை வாங்கிக்கொண்டு நீங்களே உங்கள் டாக்டரிடம் நேரில் போங்கள். பதிலை உங்கள் கையிலேயே வாங்கிப் படித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.